முன்பருவக் கல்வியில் கற்றல் மதிப்பீடு

முன்பருவக் கல்வியில் கற்றல் மதிப்பீடு என்பது, பள்ளியில் முறையாகச் சேர்வதற்கு முந்தைய வயதிலும் தொடக்கப்பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் உள்ள குழந்தைகள் எதை அறிந்திருக்கிறார்கள், எதைச் செய்ய முடிகிறது, அடுத்து அவர்களுக்கு எந்த உதவி தேவை என்பவற்றை முறையாக அறிந்து பதிவு செய்யும் பணியாகும். இந்தியாவின் தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான காலத்தை அடித்தள நிலை என்று வகுத்துள்ளது. இந்த நிலையில் உள்ள குழந்தைகளுக்கு எழுத்துத் தேர்வு, மதிப்பெண், தரவரிசை ஆகியவை பொருந்தா. விளையாடும்போதும் பேசும்போதும் வரையும்போதும் குழந்தையை உற்றுநோக்கிக் குறித்துக்கொள்வதே இவ்வயதுக்குரிய முதன்மையான மதிப்பீட்டு முறையாகக் கல்வியாளர்களால் ஏற்கப்பட்டுள்ளது.

கணிப்பீடும் மதிப்பீடும்

அன்றாடப் பேச்சில் தேர்வு, அளவீடு, கணிப்பீடு, மதிப்பீடு ஆகிய சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. கல்வியியலில் இவற்றுக்கிடையே வேறுபாடு உண்டு.

* அளவீடு: ஒரு பண்பை எண்ணால் குறிப்பது. குழந்தையின் உயரம், எடை, அது அடையாளம் காட்டிய எழுத்துகளின் எண்ணிக்கை ஆகியவை எடுத்துக்காட்டுகள்.
* கணிப்பீடு: குழந்தையின் கற்றல் பற்றிய சான்றுகளைப் பல வழிகளில் திரட்டுவது.
* மதிப்பீடு: திரட்டிய சான்றுகளைக் கொண்டு ஒரு முடிவுக்கு வருவது. குழந்தைக்கு இன்னும் பயிற்சி வேண்டுமா, கற்பித்த முறை பொருத்தமானதா என்பவை இத்தகைய முடிவுகள்.

இலங்கைத் தமிழ்க் கல்வி வழக்கில் கணிப்பீடு, மதிப்பீடு என்னும் இரு சொற்களும் தனித்தனிப் பொருளில் ஆளப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளி வழக்கில் இரண்டையும் மதிப்பீடு என்றே குறிப்பது பெரும்பான்மை.

மதிப்பீடு அது நடைபெறும் காலத்தையும் பயனையும் ஒட்டி இரண்டாகப் பிரிக்கப்படும். கற்றல் நடந்துகொண்டிருக்கும்போதே அதைச் செம்மைப்படுத்துவதற்காகச் செய்வது வளரறி மதிப்பீடு. ஒரு பருவத்தின் முடிவில் கற்றவற்றைத் தொகுத்துப் பார்ப்பது தொகுத்தறி மதிப்பீடு. இந்த வேறுபாட்டை 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் முன்வைத்தார். பின்னர் பெஞ்சமின் புளூம் இதை வகுப்பறைக் கற்றலுக்கு விரிவாகப் பொருத்திக் காட்டினார். இளங்குழந்தைகளைப் பொறுத்தவரை வளரறி மதிப்பீட்டுக்கே முதலிடம்.

நோக்கங்கள்

இளங்குழந்தைகளின் மதிப்பீட்டுக்கு நான்கு நோக்கங்கள் உள்ளன.

1. நாளைய செயல்பாட்டைத் திட்டமிடுதல். இன்று எந்தக் குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் ஆசிரியர் நாளைக்கு எதை எடுத்துச் செல்வது என்று முடிவு செய்ய முடியும்.
2. செவித்திறன், பார்வை, பேச்சு, உடலியக்கம் ஆகியவற்றில் தாமதம் இருந்தால் காலத்தே கண்டறிதல்.
3. குழந்தையின் வளர்ச்சியைப் பெற்றோருக்குத் தெரிவித்தல்.
4. மையம் அல்லது திட்டம் சரியாக இயங்குகிறதா என்று அறிதல்.

ஒரு நோக்கத்துக்காக உருவான கருவியை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்துவது பெரும் பிழை. திட்டத்தின் தரத்தை அறியச் சில குழந்தைகளிடம் நடத்தப்படும் மாதிரி ஆய்வின் வினாக்களைக் கொண்டு ஒரு தனிக் குழந்தையைத் தரம் பிரிக்கக்கூடாது. அதுபோல, தாமதம் இருக்கலாம் என்று எச்சரிக்கும் முதற்கட்டச் சோதனையைக் குறைபாட்டை உறுதிசெய்யும் சோதனையாகக் கொள்ளவும் கூடாது.

இளங்குழந்தைகளை மதிப்பிடுவதில் உள்ள சிக்கல்கள்

பத்து வயது மாணவருக்குத் தேர்வு என்றால் என்னவென்று தெரியும். நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. தன்னிடம் கேள்வி கேட்பவருக்கு ஏற்கெனவே விடை தெரியும் என்பதும், தெரிந்தும் அவர் ஏன் கேட்கிறார் என்பதும் குழந்தைக்கு விளங்காத செய்திகள். புதியவர் முன்னால் சில குழந்தைகள் வாய் திறப்பதேயில்லை. பசி, தூக்கம், காய்ச்சல், வீட்டில் நடந்த சண்டை, புதிதாகப் பிறந்த தம்பி என எதுவும் அன்றைய விடையை மாற்றிவிடும். நேற்றுச் செய்ததை இன்று செய்யாமலும், இன்று செய்யாததை அடுத்த வாரம் எளிதாகச் செய்தும் காட்டுவது இவ்வயதின் இயல்பு. ஆகவே ஒரே நாளில் நடத்தப்படும் ஒரே சோதனையின் முடிவு நம்பத்தக்கதாக இராது.

வயது வேறுபாடும் கருதத்தக்கது. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் இரு குழந்தைகளுக்கு இடையே பதினொரு மாத வேறுபாடு இருக்கக்கூடும். நான்கு வயதில் பதினொரு மாதம் என்பது ஏறத்தாழ வாழ்நாளில் கால் பங்கு. வயதில் இளைய குழந்தை மூத்த குழந்தையைப்போல் கத்தரிக்கோலைப் பிடிக்கவில்லை என்றால், அது மந்தம் அன்று, வயது.

கேள்வி கேட்கும் விதமே விடையை மாற்றிவிடும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே, சம எண்ணிக்கையுள்ள இரு வரிசைப் பொருள்களைக் குழந்தையின் முன் வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பிவிட்டு, "இப்போது எதில் அதிகம்?" என்று கேட்கச் செய்தார். ஆறு, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பலர் நீண்ட வரிசையைக் காட்டினர். 1970களில் எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்கேரிகலும் மார்கரெட் டொனால்ட்சனும் இதே சோதனையைச் சிறிய மாற்றத்துடன் செய்தனர். வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை. குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று வந்து கலைத்தது. இப்போது சரியாக விடையளித்த குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. பெரியவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றிவிட்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டால், விடையையும் மாற்ற வேண்டும் போலும் என்று குழந்தை எண்ணுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். குழந்தை தவறான விடை சொன்னால் முதலில் கேள்வியை ஆராய வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

வரலாற்றுப் பின்னணி

பிரான்சில் ஆல்பிரட் பினேயும் தியோடர் சைமனும் 1905இல் உருவாக்கிய அளவுகோல், நவீன நுண்ணறிவுச் சோதனைகளின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பதே அதன் நோக்கம். பிற்காலத்தில் பிறர் அதைக் குழந்தைகளைத் தரம் பிரித்து ஒதுக்கவும் பயன்படுத்தினர்.

ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியில் மரியா மாண்டிசோரி வேறு பாதையில் சென்றார். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் உற்றுநோக்கலே ஆசிரியரின் முதற்பணி. அவர் வடிவமைத்த கருவிகளில் பிழை தானே வெளிப்படும். உருளைக் கட்டைகளைக் குழிகளில் பொருத்தும்போது ஒன்று மாறினாலும் கடைசியில் ஒரு கட்டை குழியில் பொருந்தாமல் எஞ்சும். ஆசிரியர் தவறு என்று சொல்லத் தேவையில்லை. குழந்தை தன் வேலையைத் தானே மதிப்பிட்டுக்கொள்கிறது. மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். இரண்டாம் உலகப்போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் லோரிஸ் மலகுசியின் வழிகாட்டுதலில் வளர்ந்த மழலையர் பள்ளிகள், குழந்தைகளின் பேச்சு, ஓவியம், ஒளிப்படம் ஆகியவற்றைச் சுவரில் ஆவணமாகக் காட்சிப்படுத்தும் முறையை உலகுக்கு அறிமுகப்படுத்தின. நியூசிலாந்தில் 1996இல் வெளியான டெ ஃபாரிக்கி என்னும் முன்பருவக் கலைத்திட்டத்தை ஒட்டி, மார்கரெட் கார் கற்றல் கதைகள் என்னும் முறையை வளர்த்தெடுத்தார். இதில் ஆசிரியர் குழந்தையின் ஒரு செயலைச் சிறுகதைபோல் எழுதி, அதில் தெரியும் கற்றலையும் அடுத்து செய்யத்தக்கதையும் சேர்த்துக் குறிப்பார்.

மதிப்பீட்டு முறைகள்

*உற்றுநோக்கலும் நிகழ்வுக் குறிப்பும்*

உற்றுநோக்கல் என்பது வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது அன்று. எதைப் பார்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானித்து, கண்டதையும் கேட்டதையும் நாளும் இடமும் குறித்து எழுதுவதே முறை. கண்டதை எழுத வேண்டுமேயன்றிக் கருத்தை எழுதக்கூடாது.

தவறான குறிப்பு: "குழந்தை சோம்பேறி. பிடிவாதம் அதிகம். மற்றவர்களுடன் சேர்வதில்லை."

சரியான குறிப்பு: "மணல் தொட்டி அருகே பத்து நிமிடம் தனியாக நின்றாள். மற்ற மூவரும் மணலில் கிணறு தோண்டுவதைப் பார்த்தாள். சிரட்டையில் தண்ணீர் எடுத்து வந்து கிணற்றில் ஊற்றினாள். 'தண்ணி வந்துருச்சு' என்றாள். பிறகு அவர்களோடு உட்கார்ந்து தோண்டினாள்."

முதற்குறிப்பு குழந்தைக்கு ஒரு முத்திரை குத்துகிறது. அதைப் படிக்கும் அடுத்த ஆசிரியருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது குறிப்பிலிருந்து பல செய்திகள் கிடைக்கின்றன. குழந்தை கூட்டத்தில் சேருமுன் பார்த்துப் புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொள்கிறது. சேர்வதற்குத் தானே ஒரு வழி கண்டுபிடிக்கிறது. கிணற்றில் நீர் ஊறும் என்பதை அறிந்திருக்கிறது. அக்குழந்தைக்குத் தேவை கண்டிப்பு அன்று, சிறிது கால அவகாசம் என்பதும் தெளிவாகிறது.

முப்பது குழந்தைகள் உள்ள மையத்தில் எல்லாரையும் நாள்தோறும் எழுதுவது இயலாது. ஒரு நாளைக்கு மூன்று குழந்தைகள் என்று முறை வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் அனைவருக்கும் ஒரு குறிப்பாவது சேர்ந்துவிடும். இப்படி முறை வைப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. குறும்பு செய்யும் குழந்தையும் கெட்டிக்காரக் குழந்தையும் தாமாகவே கண்ணில் படுவார்கள். இருக்குமிடம் தெரியாமல் அமைதியாக இருக்கும் குழந்தையை முறை வைத்தால்தான் பார்க்க முடியும்.

*சரிபார்ப்புப் பட்டியல்*

குறிப்பிட்ட திறன்களை வரிசைப்படுத்தி, குழந்தை அதைத் தானே செய்கிறதா, உதவியுடன் செய்கிறதா, இன்னும் தொடங்கவில்லையா என்று குறிக்கும் பட்டியல் இது. விரைவாக நிரப்பலாம். அந்த விரைவே இதன் குறையும் ஆகும். குழந்தையைப் பாராமல் மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பினால் பட்டியலுக்குப் பயன் இல்லை. "உதவியுடன் செய்கிறது" என்னும் நடுக்கட்டம் மிக முதன்மையானது. குழந்தை தனியாகச் செய்வதற்கும் துணையோடு செய்வதற்கும் இடைப்பட்ட பகுதியிலேயே கற்பித்தல் நடக்க வேண்டும் என்பது ருசிய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியின் கொள்கை.

*படைப்புத் தொகுப்பேடு*

குழந்தை வரைந்த படம், ஒட்டிய காகிதம், முதன்முதலாக எழுதிய பெயர் ஆகியவற்றை நாள் குறித்துச் சேர்த்து வைப்பது தொகுப்பேடு. ஜூன் மாதக் கிறுக்கலையும் டிசம்பர் மாதப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எழுத்தறியாத பெற்றோருக்கும் வளர்ச்சி விளங்கும். நல்லவற்றை மட்டும் தேர்ந்து வைப்பதும், ஆசிரியர் திருத்தி அழகுபடுத்தி வைப்பதும் தொகுப்பேட்டின் நோக்கத்தைக் கெடுக்கும். படத்தைப் பற்றிக் குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே பின்பக்கம் எழுதிவைப்பது நன்று.

*விளையாட்டு வழிச் செயல்கள்*

சில திறன்கள் இயல்பாக வெளிப்படக் காத்திருக்க வேண்டியதில்லை. விளையாட்டு ஒன்றை அமைத்து அதில் அவற்றைக் காணலாம். எண்ணறிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்று முதல் இருபது வரை மளமளவென்று சொல்லும் குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று பெற்றோர் மகிழ்வர். அது பாட்டை ஒப்பிப்பது போன்றதாகவும் இருக்கலாம். புளியங்கொட்டைகளை ஒரு தட்டில் வைத்துக் கீழ்க்கண்டவாறு படிப்படியாகப் பார்க்கலாம்.

1. எண்ணச் சொல்லும்போது ஒரு கொட்டைக்கு ஓர் எண் என்று தொட்டு எண்ணுகிறதா, கை ஓரிடமும் வாய் ஓரிடமுமாகப் போகிறதா?
2. எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்றால் கடைசி எண்ணைச் சொல்கிறதா, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறதா?
3. "எனக்கு ஐந்து கொட்டை கொடு" என்றால் ஐந்தில் நிறுத்துகிறதா, கைப்பிடி நிறைய அள்ளித் தருகிறதா?
4. கடைசியிலிருந்து எண்ணினாலும் அதே எண்ணிக்கைதான் வரும் என்று தெரிகிறதா?

ரோச்சல் கெல்மன், ராண்டி கேலிஸ்டல் ஆகிய உளவியலாளர்கள் 1978இல் விளக்கிய எண்ணுதலின் அடிப்படை விதிகளை ஒட்டியவை இவை. இருபது வரை ஒப்பிக்கும் குழந்தை மூன்றாம் படியில் தடுமாறலாம். ஐந்து வரை மட்டுமே எண்கள் தெரிந்த குழந்தை நான்கு படிகளையும் கடக்கலாம். எண்ணின் பொருளை உணர்ந்திருப்பது இரண்டாவது குழந்தையே. எழுத்துத் தேர்வில் இந்த வேறுபாடு தெரியாது.

தமிழ் பேசும் குழந்தைகளின் மொழித்திறன்

தமிழில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபட்டவை. இளங்குழந்தை அறிந்திருப்பது பேச்சு வழக்கு மட்டுமே. தவளைப் படத்தைப் பார்த்துத் "தவக்களை" என்று சொல்லும் குழந்தை சரியாகவே சொல்கிறது. "இது என்ன?" என்று எழுத்து வழக்கில் கேட்டால் பேசாத குழந்தை, "இது என்னா?" என்று கேட்டால் பேசத் தொடங்குவதும் உண்டு. வட்டார வழக்கைப் பிழையாகக் குறிப்பது குழந்தையின் வீட்டையே பிழையாகக் குறிப்பதற்கு ஒப்பாகும்.

வீட்டில் தெலுங்கு, உருது, சௌராட்டிரம், இருளர் மொழி முதலியவற்றைப் பேசும் குழந்தைகளும், பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பத்துக் குழந்தைகளும் தமிழ்நாட்டு மையங்களில் உள்ளனர். நிறத்தின் பெயரைத் தமிழில் சொல்லாத குழந்தை, நிறங்களை வகைப்படுத்தி அடுக்கச் சொன்னால் அடுக்கிவிடும். அதற்கு நிறம் தெரியும், தமிழ்ச் சொல் தெரியாது. இவ்விரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். மதிப்பீட்டுக்குரிய படங்களும் குழந்தை கண்டறிந்த பொருள்களாக இருத்தல் வேண்டும்.

இந்தியாவில் நடைமுறை

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. இதன் கீழ் இயங்கும் அங்கன்வாடி மையங்களில் எடை, உயரம் பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிப்பது நெடுநாள் வழக்கம். கற்றலைக் குறிப்பது அதன்பின் வந்தது. தமிழ்நாட்டில் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்னும் கலைத்திட்டம் அங்கன்வாடிகளில் பயன்படுத்தப்படுகிறது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன.

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், ஏணி வடிவிலான படிநிலைகளில் மதிப்பீட்டு அட்டைகளும் கற்றல் அட்டைகளோடு கலந்தே இருந்தன. ஆந்திராவின் ரிஷி வேலி ஊரகப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவிய இது, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. தேர்வு என்று தெரியாமலேயே குழந்தை அடுத்த படிக்குச் சென்றது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், தொடக்கநிலை மதிப்பீட்டின் அடிப்படையில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் பயிற்சி பெறுகின்றனர். இந்த நிலைகள் மாறக்கூடியவை. பயிற்சியின் வசதிக்காக ஏற்பட்டவை. "அரும்புப் பிள்ளை" என்பது பெயராகிவிட்டால் திட்டத்தின் நோக்கம் தவறிவிடும்.

2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், இந்நிலையில் தேர்வுகள் பொருத்தமற்றவை என்று கூறி, உற்றுநோக்கலையும் குழந்தைகளின் படைப்புகளை ஆராய்வதையும் பரிந்துரைக்கிறது.

வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிதல்

கூப்பிட்டால் திரும்பாத குழந்தை அடம் பிடிப்பதாகவும், எழுத்தைக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் குழந்தை விளையாடுவதாகவும் தவறாகக் கருதப்படுவது உண்டு. கேளாமையோ பார்வைக் குறையோ காலத்தே கண்டறியப்படாவிட்டால் அக்குழந்தை மந்தமானது என்னும் பெயரோடு பள்ளிக்குப் போகும். ஒழுங்கான உற்றுநோக்கலின் மிகப்பெரிய பயன் இதைத் தடுப்பதே.

1967இல் அமெரிக்காவில் வெளியான டென்வர் வளர்ச்சிச் சோதனையும், திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய 17 கூறுகள் கொண்ட அட்டவணையும் முதற்கட்டக் கண்டறிதலுக்கு உதவுபவை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கின்றன. தேவைப்படுவோர் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவர். குறைபாடு உள்ளதா என்று முடிவு செய்பவர் மருத்துவர். ஆசிரியரின் பணி, கண்டதை நாள்வாரியாக எழுதி வைத்துக் காலத்தே தெரிவிப்பது.

சேர்க்கைத் தேர்வு

மழலையர் வகுப்பில் சேர்க்கக் குழந்தையிடம் கேள்வி கேட்பதும் பெற்றோரை நேர்காணல் செய்வதும் சில இடங்களில் வழக்கமாக இருந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தெரிவுக்கு உட்படுத்துவதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். சில நிமிடச் சந்திப்பில் ஒரு குழந்தையின் திறனை அறிய இயலாது என்பதே கல்வியியல் நோக்கிலும் இதற்குரிய காரணம். அத்தகைய சந்திப்பில் வெளிப்படுவது பெரும்பாலும் வீட்டின் வசதியும் வீட்டுமொழியுமே.

பெற்றோருக்குத் தெரிவித்தல்

பெற்றோரிடம் மதிப்பீட்டைத் தெரிவிக்கும்போது மூன்று செய்திகள் போதும்: குழந்தை இப்போது என்ன செய்கிறது, எதைச் செய்ய முயல்கிறது, வீட்டில் எப்படி உதவலாம். மற்றக் குழந்தைகளோடு ஒப்பிடுதல் கூடாது. அக்குழந்தையின் முந்தைய நிலையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். "எழுதுவதில் பின்தங்கியிருக்கிறான்" என்பதைவிட, "பென்சிலை அழுத்திப் பிடிக்க விரல்களுக்கு வலு வேண்டும்; சப்பாத்தி மாவு பிசையவும் வேர்க்கடலை உரிக்கவும் விடுங்கள்" என்பது பயன்படும் செய்தி. பெற்றோரும் தகவல் தருபவர்களே. மையத்தில் வாய் திறவாத குழந்தை வீட்டில் கதை சொல்லக்கூடும். அதைக் கேட்டு எழுதாத பதிவேடு முழுமையற்றது.

மையத்தை மதிப்பிடுதல்

குழந்தை கற்கவில்லை என்றால் குறை குழந்தையிடமே இருப்பதாகக் கொள்ளக்கூடாது. இடவசதி, விளையாட்டுப் பொருள்கள், ஆசிரியர் குழந்தைகளோடு பேசும் முறை ஆகியவையும் மதிப்பிடத்தக்கவை. தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்டு கிளிஃபோர்டு ஆகியோர் 1980இல் இதற்கென ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அதைத் தழுவித் தமிழ்நாட்டு மையங்களின் சூழலுக்கு ஏற்ப டெசர்ஸ் என்னும் அளவுகோல் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது.

வரம்புகளும் விமர்சனங்களும்

உற்றுநோக்கல் ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு இடம் தரும் என்பது ஒரு குறைபாடு. ஒரே குழந்தையை இருவர் தனித்தனியே பார்த்து எழுதி ஒப்பிடுவதும், பல நாள், பல இடக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்ப்பதும் இதைக் குறைக்கும். பதிவேடுகள் பெருகி, குழந்தைகளோடு இருக்கும் நேரம் குறைகிறது என்பது மற்றொரு விமர்சனம். தகவல்களைச் செயலியில் பதிவேற்றுவதே வேலையாகிவிட்டால் பார்ப்பதற்கு நேரம் இராது. அடுத்த நாள் கற்பித்தலில் எந்த மாற்றத்தையும் செய்ய உதவாத குறிப்பை எழுதத் தேவையில்லை என்பது, எவ்வளவு எழுதுவது என்பதற்கு எளிய அளவுகோலாகக் கொள்ளத்தக்கது.